சிவப்பு மூடி போட்ட எண்ணெய்ப் போத்தல்

“விலைச் சீட்டை ஏன் உரிச்ச?”

பேரங்காடியின் பின்பக்க அறையில் வைத்துக் காவலாளி பத்துமலை அண்ணன் என்னைக் கேட்ட கேள்வி இது. வாய்தான் அவருடையது, கேள்வி மேனேஜருடையது. மேனேஜர் முதலில் மலாயில் கேட்டார். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் நான் குனிந்த தலை நிமிராமல் நின்றதால், புரியவில்லை என்று நினைத்து அண்ணனைத் தமிழில் கேட்கச் சொன்னார். நான் இரண்டு மொழிக்கும் பதில் சொல்லவில்லை.

பதில் என்னிடம் இருந்தது. மேசைமேல் நின்ற நல்லெண்ணெய்ப் போத்தலை அரை மணி நேரத்துக்கு முன்புதான் நாசர் அண்ணன் மளிகைக் கடையில் வாங்கியிருந்தேன். சனிக்கிழமை முனியாண்டி கோயிலில் விளக்குப் போடுவதற்காக. எங்கள் தோட்டத்து ஆட்கள் கோயிலுக்குப் போகும் பொருளில் விலையை விட்டுவைக்க மாட்டார்கள். விலையோடு கொண்டுபோய் வைத்தால் சாமியிடம் செலவைச் சொல்லிக் காட்டுவது போல் ஆகிவிடும் என்பார் அம்மா. தோட்டம் போய்விட்டது. ரப்பர் மரங்களை வெட்டி, லயன் வீடுகளை இடித்து, எங்களை லகாட் ஊருக்கு இந்தப் பக்கம் மலிவு விலை வீடுகளுக்கு மாற்றிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கோயிலும் இந்தப் பழக்கமும் மட்டும் கூடவே வந்துவிட்டன. நாசர் அண்ணனிடம் காசைக் கொடுத்த கையோடு சீட்டை உரித்து, கடை வாசலில் இருக்கும் தூணில் ஒட்டிவிட்டுப் போவோம். ரசீது அவர் கொடுப்பதும் இல்லை, நாங்கள் கேட்பதும் இல்லை.

இதை நாலு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆட்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டிய நாட்களில் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தேன். பிறகு ஒரேயடியாக இருந்துவிட்டேன்.

அன்று நான் பேரங்காடிக்குள் நுழைந்தது வண்ணப் பென்சில் வாங்க. புனிதா அக்கா வாங்கி வரச் சொல்லியிருந்தார். அவர் தன் வீட்டின் முன்பகுதியில் பதினான்கு சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்பவர். நான் அவரிடம் வேலை செய்தேன். பிள்ளைகளிடம் பேசும்போது மட்டும் என் தொண்டை அடைப்பதில்லை. பென்சிலுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வரும்போதுதான் என் பைக்குள் நின்ற போத்தலைக் கல்லாவில் இருந்த பெண் பார்த்தாள். அவர்கள் கடையிலும் அதே எண்ணெய் இருந்தது. ரசீதில் எண்ணெய் இல்லை. போத்தலில் எந்தக் கடைச் சீட்டும் இல்லை, சீட்டு இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

இரண்டு மணி நேரம் அந்த அறையில் இருந்தேன். கதவைப் பூட்டி, சாவியை மேனேஜர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மாவைக் கூப்பிடவா என்று கேட்டேன். அது என் காதுக்கே கேட்கவில்லை. கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். பணம் கட்டாமல் பொருளை எடுத்தேன், இனி இந்தக் கடைக்குள் வரமாட்டேன் என்று மலாயில் அச்சடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் போலீஸ் என்றார்கள். போட்டேன். பிறகு போத்தலை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை அந்தப் படம் பேரங்காடியின் முன் கண்ணாடியில், உள்ளிருந்து வெளியே பார்த்தபடி ஒட்டப்பட்டிருந்தது. மேலே ‘பென்சூரி’ என்று சிவப்பு எழுத்து. திருடி என்று அதற்கு அர்த்தம் சொல்ல எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் அகராதி வேண்டாம்.

திங்கட்கிழமை புனிதா அக்கா வீட்டு வாசலிலேயே என்னை நிறுத்தினார். திட்டவில்லை. பெற்றோர் ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள் என்றார். கொஞ்ச நாள் வராமல் இருந்தால் நல்லது என்றார். நான் வாங்கி வந்த பென்சில்களை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பாத்திரம் கழுவினார். அவர் பத்து காஜா ஊர் மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்ப்பவர். அப்பா இறந்த பிறகு ஒருநாளும் வேலைக்கு மட்டம் போட்டதில்லை. நீ எடுக்கலை, எனக்குத் தெரியும், முனியாண்டிக்குத் தெரியும், அது போதும் என்றார். அந்தக் கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை.

எனக்கு அது போதவில்லை. புனிதா அக்காவுக்குத் தெரியவில்லையே. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் முனியாண்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்?

இலவசச் சட்ட உதவி மையம் ஒன்று ஈப்போவில் இருக்கிறது என்று ஃபோனில் தேடிக் கண்டுபிடித்தேன். அங்கே வக்கீலாக இருந்தவர் இஃபத் மேடம். எங்கள் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் பெண், முப்பது வயது இருக்கும். தனியாக பஸ் ஏறிப் போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆகியும் நான் சொன்னது தினேஸ்வரி என்ற என் பெயரும் ஊரும்தான். அவர் பொறுமை இழக்கவில்லை. ஒரு கட்டுத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

“பேச வரலைன்னா எழுது தங்கச்சி. கடைக்குள்ள கால் வச்சதுலேர்ந்து. யார் எங்க நின்னாங்க, யார் என்ன சொன்னாங்க, எல்லாம் வேணும்.”

பதினொரு பக்கம் எழுதினேன். அவர் வேறு இருவரைப் பார்த்து அனுப்பிவிட்டு வந்து, அதைப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி என் பிறந்த தேதியைக் கேட்டார். பதினெட்டு ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்றதும் அந்த இடத்தில் கோடு போட்டார்.

பிறகு என்னென்ன செய்யலாம் என்று எடுத்துச் சொன்னார். ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் கடைக்காரர்கள் தாமதிக்காமல் போலீசைக் கூப்பிட வேண்டும். பூட்டி வைத்துத் தாங்களே விசாரித்துத் தாங்களே தண்டனை கொடுப்பதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை. அடைத்து வைத்ததற்கு ஒரு வழக்குப் போடலாம். பெயரைக் கெடுத்ததற்கு இன்னொன்று. வேலை போனதையும் அதில் சேர்க்கலாம். நான் போட்ட கையெழுத்தைப் பற்றித்தான் எனக்குப் பயம் இருந்தது. பதினெட்டு ஆகாத பிள்ளையிடம், பெற்றவள் பக்கத்தில் இல்லாமல், கதவைப் பூட்டி வாங்கிய கையெழுத்து அது. அவர்கள் அதைக் காட்டத்தான் போகிறார்கள், ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல விடமாட்டேன் என்றார். முதல் வேலையாகப் போலீசில் நானே புகார் கொடுக்க வேண்டும். நடந்தது நடந்த தேதியோடு ஓரிடத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டாவது, அவர்கள் கழற்றுவதற்குள் கண்ணாடியில் இருக்கும் படத்தை நான் படம் எடுக்க வேண்டும். மூன்றாவது, அம்மா வர வேண்டும். எனக்குப் பதினெட்டு ஆகாததால் வழக்கு என்றால் அம்மாதான் எனக்காக நிற்க வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

கோர்ட்டு, போலீஸ் பாலாய் என்று நம் வீட்டில் இதுவரை யாரும் போனதில்லை என்றார் அம்மா. பெரிய கடைக்காரன், பத்து வக்கீல் வைப்பான் என்றார். கல்யாண வயதில் கேஸ்காரி என்று பெயர் வரும் என்றார். ஏற்கெனவே திருடி என்று பெயர் வந்துவிட்டதே என்று நான் கேட்டேன்.

“நீங்க வரலைன்னா பரவாயில்லமா. அஞ்சு மாசம் காத்திருக்கேன். பதினெட்டு ஆனதும் நானே போடுறேன்.”

அம்மா என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அடுத்த நாள் மாலை படம் எடுக்கத் தனியாகப் போனேன். உள்ளே நுழையத் தடை, ஆனால் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றேன். ஆட்கள் குறையவே இல்லை. குறைய மாட்டார்கள் என்று தெரிந்ததும் நேராக நடந்துபோய் என் முகத்துக்கு எதிரில் நின்றேன். பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதல் மூன்று படமும் தெளிவாக வரவில்லை. நான்காவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதுவரை அந்தப் படத்தில் என் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அப்போதுதான் கையில் இருந்த போத்தலைப் பார்த்தேன். அதன் மூடி சிவப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்துமலை அண்ணன் நின்றார். என்னைக் கண்டதும் வெளியே வந்தார். விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரும் எங்கள் தோட்டத்துக்காரர், அப்பாவோடு ரப்பர் பால் வெட்டியவர். அவர் மனைவியும் நாசர் அண்ணன் தூணில் சீட்டு ஒட்டுகிறவர்தான். அன்று அந்த அறையில் நான் வாய் திறக்காவிட்டாலும் அவர் சொல்லியிருக்கலாமே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை, கேட்டேவிட்டேன்.

“உங்களுக்குத் தெரியும்தானே அண்ணே?”

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “தெரியும்லா. சொன்னா, நீயும் கூட்டாடான்னு கேப்பான். கான்ட்ராக்ட் வேலை பாப்பா. சட்டுனு எடுத்துட்டு போ.”

நான் ஐந்தாவது படத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

மூடியின் நிறத்தை வைத்து எந்தக் கடைப் போத்தல் என்று சொல்ல முடியுமா என்று பார்க்க, அங்கிருந்து நேராக நாசர் அண்ணன் கடைக்குப் போனேன். எண்ணெய் அடுக்கியிருந்த இடத்தில் ஏழு போத்தல் இருந்தன, ஏழும் சிவப்பு மூடி. கம்பெனிக்காரன் தீபாவளியோடு மூடியை மஞ்சளுக்கு மாற்றிவிட்டான் என்று நாசர் அண்ணன் சொன்னார். தன்னிடம் பழைய பெட்டி தீரவில்லை, பெரிய கடைகளில் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. எதற்குக் கேட்கிறாய் என்றார். சொன்னேன். முதல் தடவையாக ஓர் ஆளுக்கு முழுதாக, வாயால் சொன்னேன். அவர் கல்லாவை மூடிவிட்டு எழுந்து, அந்த ஏழு போத்தலையும் எடுத்து உள்ளே வைத்தார். “இதை இனி யாருக்கும் விக்கிறதில்லை. உன் வக்கீலை வரச் சொல்லு” என்றார்.

வீட்டில் அம்மாவிடம் ஃபோனைக் காட்டினேன். சிவப்பு மூடி, பேரங்காடியில் இப்போது இருப்பது மஞ்சள் மூடியாம், ஆனால் நான் உள்ளே போய்ப் பார்க்க முடியாது என்றேன். அம்மா படத்தை விரலால் பெரிதாக்கினார். மூடியிலிருந்து மேலே நகர்த்தி என் முகத்துக்கு வந்தார். வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கண்ணாடியைத் தாண்டும்போது அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் படத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை அவர் மருத்துவமனைக்கு விடுப்புச் சொன்னார். கோயிலுக்குக் கட்டும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு பேரங்காடிக்குள் போனார். எண்ணெய் அடுக்கை முழுதும் ஃபோனில் பிடித்தார். எல்லாம் மஞ்சள் மூடி. ஒன்றை எடுத்துக் காசு கொடுத்து, ரசீது வாங்கி, அதை மடிக்காமல் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். அங்கிருந்து இருவரும் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் விலைச் சீட்டு விஷயம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, சாமிக்கு விலை தெரியக்கூடாதா என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த மலாயில், எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார். போலீஸ்காரர் எழுதினார்.

இஃபத் மேடம் நாசர் அண்ணன் கடைக்கு வந்த நாளில் அந்தத் தூணைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சின்னச் சின்ன ஆரஞ்சு சீட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, ஆள் உயரத்துக்கு. நாசர் அண்ணன் கழற்றச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போன கதையைச் சொன்னார். மேடம் அதையும் படம் எடுத்தார். என்னிடம் எண்ணெய் விற்றதைச் சொல்லி நாசர் அண்ணன் சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்திட்டார். பேரங்காடிக்கு வக்கீல் கடிதம் போனது. படத்தை எடுக்க வேண்டும், அன்றைய கேமரா பதிவைக் கொடுக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இத்தனை நாளுக்குள்.

இருபத்து நான்காம் நாள் படம் கண்ணாடியில் இல்லை. கேமரா பதிவு அழிந்துவிட்டது என்றும், அந்தப் பெண் தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றும் அவர்கள் வக்கீல் பதில் போட்டார். மேடம் அதற்குப் பதிலாக நான் எடுத்த படத்தையும் அம்மா எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினார். ஒன்றில் சிவப்பு மூடி, ஒன்றில் மஞ்சள். கடைசியாக எந்த மாதத்தில் சிவப்பு மூடி விற்றீர்கள் என்று ஒரே ஒரு வரி. அதற்குப் பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து, பேசிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தது.

பேச்சு மேடத்தின் அலுவலகத்தில் நடந்தது. மேனேஜர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அவர்கள் வக்கீல்தான் பேசினார். இரண்டாயிரம் ரிங்கிட் தருகிறோம், வெளியே யாரிடமும் பேசக்கூடாது, தவறு என்று எழுதித் தர மாட்டோம். படத்தைத்தான் எடுத்துவிட்டோமே.

அம்மா மேசையைப் பார்த்தார். இரண்டாயிரம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. மேடம் எங்களை வெளியே அழைத்துப்போய், எதையும் மறைக்காமல் சொன்னார். இதை வாங்கிக்கொண்டால் இன்றோடு முடியும். வேண்டாம் என்றால் வழக்கு. ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஜெயிப்போம் என்று அவரால் சத்தியம் பண்ண முடியாது. நான் கூண்டில் நிற்க வேண்டும், அவர்கள் வக்கீல் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்பார், எழுதிக் காட்ட அங்கே இடமில்லை. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தார்.

படத்தை அவர்கள் கழற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது. புனிதா அக்கா என்னைக் கூப்பிடவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் ஃபோனை எடுத்துக்கொள்வார். கழற்றிவிட்டதால் என்ன ஆனது? பார்த்தவர்கள் பார்த்ததுதான். திருடி என்று சொன்னவர்கள் இல்லை என்று சொல்லவே இல்லையே.

உள்ளே போனேன். உட்காரவில்லை. மேனேஜரைப் பார்த்து மலாயில் சொன்னேன். எனக்குப் பணம் வேண்டாம். நான் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் மட்டும் போதும். தினேஸ்வரி திருடவில்லை என்று எழுதி, அதே கண்ணாடியில், அதே இடத்தில் ஒட்ட வேண்டும். என் படம் இருபத்து மூன்று நாள் இருந்தது, கடிதமும் இருபத்து மூன்று நாள் இருக்க வேண்டும். மலாயிலும் தமிழிலும். இல்லை என்றால் கோர்ட்டில் நான் பேசுவேன்.

நடுவில் குரல் இரண்டு தடவை உடைந்தது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மீதியைச் சொன்னேன். மேனேஜர் அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று தெரியாது. பேச்சு வரும் என்று தெரியாமல் இருந்திருப்பார்.

ஒரு வாரம் அவர்கள் தலைமை அலுவலகத்தைக் கேட்டார்கள். ‘வருந்துகிறோம்’ போதுமா என்று கேட்டார்கள். மேடம் எனக்கு ஃபோன் செய்தார். போதாது என்றேன். ‘தவறுதலான புரிதல்’ என்று போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அம்மா சமையல் கட்டில் இருந்து, விடாதே என்பது போல் கையை ஆட்டினார்.

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒட்டப்பட்டது. அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். பத்துமலை அண்ணன்தான் நான்கு முனைக்கும் டேப் போட்டுக்கொண்டிருந்தார். தினேஸ்வரி த/பெ சன்னாசி எங்கள் கடையில் எதையும் திருடவில்லை, அவரை அடைத்து வைத்ததும் அவர் படத்தை இங்கே ஒட்டியதும் எங்கள் தவறு, அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். கீழே மேனேஜரின் கையெழுத்தும் கடை முத்திரையும். தமிழில் அப்பா பெயரைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே புனிதா அக்கா வந்தார். கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலங்கள். கண்ணாடியில் புதிதாக ஏதோ இருப்பதைக் கண்டு நின்றார். முதலில் மலாயைப் படித்தார். பிறகு தமிழுக்கு வந்தார். உதடு அசைவது தெரிந்தது. கடைசி வரி வரை போய், மறுபடி முதல் வரிக்கு வந்து, என் பெயர் இருந்த இடத்தில் நின்றார்.

திரும்பியபோது எங்களைப் பார்த்துவிட்டார். இரண்டடிதான் தூரம். நான் தலையைக் குனியவில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள் என்றாவது, எனக்கு எப்படித் தெரியும் என்றாவது.

அவர் பொட்டலங்களை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டி, தன் காரை நோக்கி நடந்து போய்விட்டார்.